கசக்கும் பிஸ்கட்

“டீக்கு எந்த பிஸ்கட் வாங்கலாங்க?” என்று கேட்டாள் மனைவி.

சர்க்கரை நோய்க்காரரான கணவர் கடை அலமாரியை மேலும் கீழும் பார்த்தார். “எதையாவது வாங்கு. அந்தக் கறுப்பு சாக்லேட் பூசினது மட்டும் வேண்டாம். ஒரே கசப்பு. எனக்கு ஆகவே ஆகாது.”

“அப்ப அதுதான் சரி. வர்றவங்களுக்கு இருக்கும். உங்க கையும் படாது.” இரண்டு பாக்கெட்டைக் கூடையில் போட்டாள்.

அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். வீடு வரை அதை அப்படியே வைத்திருக்கப் படாத பாடு பட்டார்.

மாலையில் அவள் டீயைக் கொடுத்துவிட்டுத் துணி எடுக்க மாடிக்குப் போனாள். அவர் சத்தமில்லாமல் டப்பாவைத் திறந்தார். உள்ளே இரண்டே இரண்டு பிஸ்கட். ஒன்றை டீயில் முக்கி வாயில் போட்டார்.

மாடியிலிருந்து குரல் வந்தது.

“டாக்டர்கிட்ட கேட்டுட்டேங்க. ஒரு நாளைக்கு ரெண்டு கசந்தா பரவாயில்லையாம்.”