உப்பு போன இடம்

காலையில் நான் கரைத்து வைக்கும் உப்பு எங்கே போகிறது என்று பிடிபடவில்லை.

பள்ளிக்குக் கிளம்புமுன், ஒரு டம்ளர் தண்ணீரில் அரைத் தேக்கரண்டி உப்பைக் கரைத்து அம்மாவின் கட்டிலருகே வைப்பேன். நான் புடவை மாற்றி வருவதற்குள் அப்பா புகட்டிவிடுவார். டம்ளர் காலியாகத்தான் இருக்கும்.

ஆனால் அம்மாவின் இரத்தத்தில் சோடியம் ஏறவில்லை. இந்த வாரம் இன்னும் இறங்கியிருந்தது.

"டீச்சர், நிஜமாவே உப்புதான் போடறீங்களா?" என்றார் டாக்டர்.

வேதியியல் டீச்சரைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது?

NaCl. தண்ணீரில் விழுந்ததும் சோடியமும் குளோரினும் கைவிட்டுப் பிரிந்துவிடும். நரம்புகளில் செய்தி ஓட அந்தச் சோடியம் வேண்டும். குறைந்தால் மனம் குழம்பும், நேற்றும் இன்றும் கலந்துபோகும். மேலும் குறைந்தால் வலிப்பு வரும், உயிருக்கே ஆபத்து.

அம்மா குழம்பித்தான் இருந்தாள். ஆனால் சந்தோஷமாக இருந்தாள்.

"உங்கண்ணன் சாப்பிட்டானாடி?" என்பாள். அப்பா முந்திக்கொண்டு, "இப்பதான் சாப்பிட்டுட்டு ஆபீஸ் போனான்" என்பார்.

நேற்று பள்ளி ஆய்வகத்திலிருந்து ஒரு சிறு குப்பியில் சில்வர் நைட்ரேட் கொண்டுவந்தேன். உப்புநீரில் ஒரு சொட்டு விட்டால் போதும்.

AgNO₃ + NaCl → AgCl + NaNO₃.

வெள்ளியும் குளோரினும் ஜோடி சேர்ந்து, பால்போல் வெளுத்து அடியில் படியும். அண்ணனுக்கு இதெல்லாம் சிரிப்பு. "நக்கிப் பாத்தா தெரியாதா? உப்புக்கு இவ்ளோ கணக்கா?" என்பான்.

இன்று காலை அப்பா டம்ளரைக் கீழே வைத்ததும், அடியில் ஒட்டியிருந்த மிச்சத்தில் ஒரு சொட்டு விட்டேன். லேசாக மங்கியது. வெறும் குழாய்த் தண்ணீரே அவ்வளவு மங்கும்.

சமையலறைத் தொட்டியின் ஈரத்தில் ஒரு சொட்டு விட்டேன்.

பால்போல் வெளுத்தது.

பின்னால் அப்பா நின்றிருந்தார். அம்மாவுக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அவளுக்குத் தெளிஞ்சுதுன்னா, அவன் மறுபடியும் செத்துப்போவாம்மா."

உள்ளே அம்மா அண்ணனைச் சாப்பிடக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

வேறு டம்ளர் எடுத்தேன். தண்ணீர் பிடித்தேன். அரைத் தேக்கரண்டி உப்பு. அடியில் ஒரு துகள்கூட நிற்காமல் கரையும்வரை கலக்கினேன்.

அப்பா அம்மாவின் தலையைத் தாங்கிக்கொண்டார்.

இந்த முறை நானே புகட்டினேன்.