காலிக் கட்டம்

இந்திய நெல்வயலில் எழும் வாயுதான் உலகைச் சூடேற்றுகிறது என்று எங்கோ அமர்ந்து எழுதினார்கள் வெளிநாட்டார். அளந்தே மறுப்போம் என்று எழுந்தது நாடு! உலக உடன்படிக்கைக்கான அந்தக் கணக்கெடுப்பில் கல்லல் உடையப்பனின் வயலும் ஒன்று. அங்கே நாள்தோறும் பயிரின்மேல் பெட்டியைக் கவிழ்த்து, அலுவலகம் அனுப்பும் ஊசியால் வாயுவை இழுத்து, எடுத்த நேரத்தை நோட்டில் குறிப்பவர் கூலித் தொழிலாளி பொன்னுத்தாயி.

1998 மார்கழியில் மேற்பார்வை அதிகாரி ரேணுகா வந்தார். நோட்டைப் புரட்டியவர் சட்டென நிமிர்ந்தார்.

"பன்னிரண்டாம் தேதிக் கட்டம் காலியாக இருக்கிறதே?"

"அன்னைக்கு எடுக்கலைங்க. அதான் எழுதலை," என்றார் பொன்னுத்தாயி.

உடையப்பன் பதறினார். "கோவிச்சுக்கிறாதீகம்மா, மறந்திருப்பா. இந்தா பொன்னுத்தாயி, ஏதாச்சும் ஒரு நேரத்தைப் போட்டு விடு. நம்ம வயலையே தள்ளிருவாக!"

"எடுக்காததுக்கு எப்படிங்க நேரம் போடுறது?"

"அறிவொளி வகுப்புல நாலெழுத்துப் படிச்சதும் வாயைப் பாரு!"

ரேணுகா நோட்டை மூடினார். "ஐயா, அன்று எந்த ஊருக்கும் நாங்கள் ஊசி அனுப்பவில்லை, தவறு எங்களுடையது. ஆனால் மற்ற ஆறு ஊர் நோட்டிலும் அன்றைக்கு நேரம் எழுதியிருக்கிறது! அவற்றை ஒதுக்கிவிட்டோம். நாட்டின் அறிக்கையில் ஏறப்போவது இந்த நோட்டுதான்."

உடையப்பன் துண்டை உதறித் தோளில் போட்டார். "எங்க பொன்னுத்தாயி பொய் எழுத மாட்டாள்னு நான் அப்பவே சொன்னேன்ல!"

பொன்னுத்தாயி நோட்டைக் கைநீட்டி வாங்கிக்கொண்டார்.

"இனிமேலாச்சும் ஊசியை நேரத்துக்கு அனுப்பிருங்கம்மா. உலகமே பாக்குற கணக்குல்ல?"