‘மாமா’வை வெட்டிய இடங்கள்

“இருபத்தாறு வருஷப் பதிவுல நீங்க எங்கங்க? பொண்ணு நடை பழகறா, நீங்க இல்ல. காய்ச்சல்ல கிடக்கறா, அப்பவும் இல்ல!” மாடி வீட்டுக் கோமளா கத்தியது சாலிகிராமம் முழுக்கக் கேட்டது. எனக்குச் சன்னலைத் திறந்து வைத்ததால் கூடுதலாகக் கேட்டது.

“எடிட்டிங் ரூம்ல இருந்தேன்டி. நாலு மொழிக்காரனும் என்னைத்தானே தேடினான்!” என்றார் சபேசன்.

இப்போதெல்லாம் பெண் பார்க்க யாரும் வருவதில்லை. சுவர்க் கேமரா பிடித்து வைத்த வாழ்க்கையை இரண்டு மணி நேரமாகச் சுருக்கி அனுப்ப வேண்டும். அப்பா பாசம் தெரியாவிட்டால் சம்பந்தம் கிடையாது.

பதிவில் அவர்கள் பெண் மிதுலாவைத் தூக்கிச் சுமந்தது, கணக்குச் சொல்லிக்கொடுத்தது எல்லாம் என் வீட்டுக்காரர்தான். அவரை அவள் ‘மாமா’ என்று கூப்பிடும் இடங்களை மட்டும் சபேசன் வெட்டினார். வெட்டிய தடமே தெரியவில்லை. மனுஷன் செய்ததிலேயே நல்ல வேலை அதுதான்.

மாப்பிள்ளை வீட்டார் அழுதேவிட்டார்களாம். மணமேடையில் கோமளாவோடு நின்று தாரை வார்த்தவர் என் வீட்டுக்காரர். நானும் சபேசனும் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து அட்சதை போட்டோம்.

மிதுலா இப்போது விஜயவாடாவில். ஞாயிறுதோறும் என் வீட்டுக்காரருக்குத்தான் போன். மாமியார் பக்கத்தில் இல்லாதபோதும் “அப்பா” என்றே கூப்பிடுகிறாள்.