ஓயாமல்

‘தூங்கும்போதுகூட அவருடைய இடது கால் ஓயாமல் ஆடிக்கொண்டே இருக்கும்.’

பதிப்பாசிரியை அந்தச் சீட்டை இரண்டாம் முறை படித்தாள். வலது கால் என்று எழுதியிருந்தால்கூட மனசைத் தேற்றிக்கொண்டிருப்பாள். பதினோரு வருஷமாகப் பக்கத்தில் படுத்து அவள் உதை வாங்குகிற கால் அது.

அது ஆங்கிலம்–தமிழ் அகராதி தயாரிக்கும் அலுவலகம். முடிவில்லாமல் தொடர்வதைச் சொல்லும் ஆங்கிலச் சொற்களுக்கு இந்த வாரம் முறை வந்திருந்தது. இன்செஸன்ட்லி, பெர்பெச்சுவலி, ஃபாரெவர் என்று நீண்ட பட்டியல். ஒவ்வொன்றுக்கும் ஓர் உதாரண வாக்கியம் தேடித் தருவது, நான்கு மாதம் முன்பு சேர்ந்த புதியவளின் வேலை.

வாக்கியத்தை நாமாக இட்டுக்கட்டக் கூடாது, யாராவது வாயைத் திறந்து பேசியதாக இருக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். சட்டம் போட்டவளே பதிப்பாசிரியைதான். அதற்காகவே சீட்டின் அடியில் ‘சொன்னவர்’ என்று ஒரு கட்டம் உண்டு. புதியவளின் சீட்டுகளில் அந்தக் கட்டம் காலியாக இருந்தது.

அடுத்த சீட்டு, ஃபாரெவர். ‘கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவைத்துக்கொண்டு, எப்போது பார்த்தாலும் கண்ணாடியைத் தேடுவார்.’ அதற்கடுத்தது பெர்பெச்சுவலி. ‘குளிக்கப் போனால் ஒரே பாட்டைத்தான் சதா பாடுவார், அதிலும் இரண்டாவது வரி தெரியாது.’

கண்ணாடி தேடுகிறவர்கள் ஆயிரம் பேர் இருக்கலாம். மூன்றும் ஒரே ஆளிடம் இருந்தால் அந்த ஆள் பதிப்பாசிரியையின் புருஷன்தான்.

கடைசி இரண்டு சீட்டுகளைக் கையில் எடுத்தாள். கன்டினியுவலி என்றால் விட்டுவிட்டுத் தொடர்வது. கன்டினியுவஸ்லி என்றால் இடைவெளியே இல்லாமல் தொடர்வது. படித்தவர்களே குழப்பிக்கொள்ளும் இடம். புதியவள் பிசகாமல் எழுதியிருந்தாள். மல்லாந்து படுத்தால் அவருக்குக் குறட்டை விட்டுவிட்டு வருமாம்; ஒருக்களித்துப் படுத்தால் ஒரே இழுப்பாக வருமாம்.

இந்த வித்தியாசத்தை எந்த அகராதியைப் புரட்டியும் தெரிந்துகொள்ள முடியாது.

போன மாதம் அவர் ஆபீசுக்குக் குடை கொடுக்க வந்தது நினைவுக்கு வந்தது. அவரைப் பார்த்ததும் புதியவள் எழுந்து நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “யாரு இவங்க? புதுசா?” என்று அவர் கேட்டார். அன்றைக்கு அது இயல்பாக இருந்தது. இன்று யோசித்தால், கொஞ்சம் அதிகமாகவே இயல்பாக இருந்தது.

மணி ஒன்றானதும் வழக்கம்போல அக்காவுக்கு ஃபோன் போட்டாள். பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் புதியவள் உட்கார்ந்திருந்ததால் இன்று மட்டும் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“அக்கா, சாயங்காலம் உன் வீட்டுக்கு வந்துடறேன். பொட்டியோடதான்.”

“என்னடி ஆச்சு? மறுபடியும் ஈரத் துண்டைக் கட்டில்ல போட்டுட்டாரா?”

“துண்டாவது மண்ணாவது. எவளோ ஒருத்திக்கு எங்க படுக்கையறை அத்துப்படியாயிருக்கு.”

“உன் புருஷன் மேலயா சந்தேகப்படறே? கண்ணாடியையே கண்டுபிடிக்கத் தெரியாத மனுஷன், இன்னொருத்தியை எங்கேர்ந்துடி கண்டுபிடிப்பாரு?”

“சிரிக்காதே. சாட்சி கையில இருக்கு.”

ஃபோனை வைத்த கையோடு அவருக்கு ஒரு செய்தி தட்டினாள். ‘இனிமேல் நான் அக்கா வீட்டில்தான். சமாதானம் பேச வராதீர்கள்.’ அனுப்பியும் விட்டாள். பிறகு புதியவளைக் கூப்பிட்டு, ஐந்து சீட்டையும் அவள் முன்னால் பரப்பினாள்.

“ஏம்மா, இதெல்லாம் நீயா இட்டுக்கட்டினதா?”

“ஐயோ, இல்ல மேடம். ஒவ்வொண்ணும் என் காதால கேட்டது.”

“அப்ப இந்தக் கட்டம் ஏன் காலியா இருக்கு?”

புதியவள் தலையைக் குனிந்துகொண்டாள். “பேரை எழுதினா நல்லா இருக்காதேன்னு விட்டுட்டேன் மேடம். ஆபீஸ் பூரா பரவிடுமே.”

கொழுப்பைப் பாரேன் என்று பதிப்பாசிரியை பல்லைக் கடித்தாள். “எத்தனை நாளா நடக்குது இது?”

“நான் வேலைக்குச் சேர்ந்த அன்னியிலேர்ந்தே.”

“எப்போ? எங்கே வெச்சு?”

“மத்தியானத்துல... இங்கேயேதான் மேடம்.”

இந்தக் கட்டடத்துக்குள்ளேயே, தன் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு! மேசையில் ஃபோன் அதிர்ந்தது. அவர்தான். அவள் எடுக்கவில்லை. அது அதிர்ந்து அதிர்ந்து மேசை விளிம்புவரை நகர்ந்து நின்றது.

“தினமுமா?”

“லீவு நாள் தவிர தினமும்தான். இன்னிக்கு மட்டும் ஒண்ணும் கேக்கலை.”

அந்தப் பெண் கொஞ்சம் வருத்தமாகச் சொன்னது போலிருந்தது. பதிப்பாசிரியை பேனாவின் மூடியைக் கழற்றி நீட்டினாள்.

“பேரை எழுது. என் கண் முன்னாடியே எழுது. குறட்டை, காலு, குளிக்கப் போற பாட்டுன்னு ஒண்ணு விடாம ஒப்பிச்சது யாரு?”

புதியவள் பேனாவை வாங்கவில்லை. காதுவரை சிவந்துபோனாள்.

“நீங்கதான் மேடம்... உங்க அக்காகிட்ட.”