டாக்டரின் மூன்றாவது இன்டர்வியூ

"குனிஞ்சு மேசையைப் பார்க்காதீங்க. எங்கே, மறுபடியும் முதல்லேர்ந்து!" என்றாள் மனைவி.

டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். சாப்பிட்ட தட்டுகள் எடுக்கப்படாமலே கிடந்தன. இன்னும் சற்று நேரத்தில் இன்டர்வியூ.

அவர் கால்நடை மருத்துவர். உறுமுகிற நாயின் வாய்க்குள் அசராமல் கையை விடுவார். முன்பின் தெரியாத மனிதர் எதிரே உட்கார்ந்தால் மட்டும் நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஏற்கெனவே இரண்டு இன்டர்வியூக்களில் கோட்டை விட்டிருந்தார்.

"முதல் தடவை எதிர்ல இருந்தவரைப் பேசவே விடலை. ரெண்டாவது தடவை அவரோட பல்லையே உத்து உத்துப் பார்த்தீங்க."

"பழக்க தோஷம்மா. ஈறு கொஞ்சம் வீங்கின மாதிரி இருந்துச்சு..."

"நல்லவேளை, அப்பா அவர் காதைத் தூக்கிப் பார்க்கலை!" என்று மகள் களுக்கென்று சிரித்தாள்.

மனைவிக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு கம்பெனியில் ஆள் எடுக்கும் பிரிவில் இருப்பவள். இன்டர்வியூ அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு.

"பேசறதை விடக் காதைக் கொடுங்க. நடுவுல அமைதியா இருந்தா இருக்கட்டும், எதையாவது உளறி ரொப்பாதீங்க. உழைப்பு, பொறுப்புன்னு பொத்தாம்பொதுவா போகாம, நடந்த ஒரு கேஸுக்குப் பேச்சைக் கொண்டு போங்க. சரக்கு எவ்வளவுன்னு அங்கதான் தெரியும்."

"சம்பளம், ராத்திரி டியூட்டி எல்லாம்...?"

"மழுப்பாம நேரா பேசிடுங்க. சேர்ந்தப்புறம் முகத்தைத் தூக்கி வச்சுக்கறதுக்கு அது எவ்வளவோ மேல்."

"இதுவும் சொதப்பிட்டா?"

"இப்ப மாதிரியே ராப்பகலா ஓடிக்கிட்டிருங்க. பாப்பா ஞாயித்துக்கிழமையும் அப்பாவை போட்டோவுல பார்த்துக்கட்டும்."

மகளின் சிரிப்பு நின்றுவிட்டது. டாக்டருக்குச் சுருக்கென்றது.

மூவரும் போய் ஸ்கூட்டரை விட்டு இறங்கியபோது, கண்ணாடிக் கதவுக்குள் மூன்று பேர் ஃபைலும் கையுமாகக் காத்திருந்தார்கள்.

"மூணு பேரா!" டாக்டர் ஓரடி பின்வாங்கினார்.

"அவங்களுக்கு மட்டும் வயித்துல புளியைக் கரைக்காதாக்கும்? போங்க." காலரை இழுத்துச் சரிசெய்து, முதுகில் கைவைத்து உள்ளே தள்ளிவிட்டாள்.

மகளுடன் எதிர்க் கடையில் போய் உட்கார்ந்தாள். வாங்கிய காபி ஆறிப்போனது. ஊருக்கெல்லாம் இன்டர்வியூ நடத்துகிறவளுக்கு அன்றைக்குத்தான் நகம் கடிக்கத் தெரிந்தது.

வெகுநேரம் கழித்து டாக்டர் சாலையைக் கடந்து ஓட்டமாக வந்தார்.

"ஜெயிச்சாச்சும்மா! இனிமே ஞாயித்துக்கிழமை எனக்கு லீவு!"

மகள் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"அப்படிப் போடுங்க! உளறலையே?" என்றாள் மனைவி.

"தண்ணி டம்ளரைத் தட்டி விட்டேன். அதோட சரி."

அவருக்குப் பின்னாலேயே ஃபைலுடன் வந்த இளம்பெண் மனைவியைப் பார்த்துச் சிரித்தாள்.

"வணக்கம் மேடம். நாளையிலேர்ந்து சாரோட ஆஸ்பத்திரியில ராத்திரி டியூட்டியும் ஞாயித்துக்கிழமை டியூட்டியும் எனக்குத்தான். செத்தேன்னு நினைச்சுக்கிட்டேதான் உள்ளே போனேன். கேள்வி கேட்க உட்கார்ந்திருந்த சாருக்கு என்னை விட அதிகமா வேர்த்துக் கொட்டறதைப் பார்த்தப்புறம்தான் தைரியமே வந்துச்சு!"