நட்டால் நட்டதுதான்

புது வீட்டுத் தோட்டத்துக்கு அழகுப் பனை ஒன்று வாங்க வந்த நர்சரியில், தேன்மொழி அதே வரிசையை மூன்றாவது முறையாகச் சுற்றினாள். கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. வெளியூரில் கிடைத்த வேலையில் அவள் திங்கட்கிழமை சேர வேண்டும். "அதெல்லாம் வேணாம்" என்று ஒரு வார்த்தை சொன்னதோடு பேச்சு முடிந்துவிட்டதாகக் கணவன் அறவாழி நினைத்திருந்தான்.

"இந்த பாட்டில் பாம் வச்சிருவோம். உனக்குப் பிடிக்கும்ல?" என்றான். பாட்டில் போல அடி பருத்த அந்தப் பனை அவளுக்குப் பிடித்துத்தான் இருந்தது.

"நல்ல மரம்மா. ஆனா நட்டா நட்டதுதான். அப்புறம் பிடுங்கி வேற இடத்துல வச்சா தாங்காது" என்றார் நர்சரிக்காரர்.

தேன்மொழி அவர் பக்கம் திரும்பினாள். "தொட்டியிலேயே வளர்றது ஏதாவது இருக்காண்ணே?"

"நம்ம வீட்லதான் அவ்ளோ மண்ணு கெடக்கே, தொட்டி எதுக்கு?" என்று அறவாழி சிரித்தான்.

தேன்மொழி தொட்டியில் இருந்த சின்ன அரிகா பனை ஒன்றைத் தூக்கிக்கொண்டாள். பின்சீட்டில் வைக்க அவன் கார் கதவைத் திறந்துவிட்டான். அவளோ முன்னால் ஏறி, தொட்டியை மடியில் வைத்துக்கொண்டாள்.

"போற வழியில பஸ் ஸ்டாண்ட்ல நிறுத்துங்க. ஞாயித்துக்கிழமைக்கு எனக்கு ஒரு டிக்கெட் எடுக்கணும்."