உரக்க வாசிக்க வேண்டும்

ஞாயிற்றுக்கிழமை, மாலை நான்கு மணிக்குப் பத்து நிமிடம் இருந்தது.

தொம்மலூர் பேக்கரியில் மகளுக்கு எக் பப்ஸ் வாங்க நின்ற ரகுராமின் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன.

நாவலின் கடைசி அத்தியாயத்தில் வரும் ஆங்கிலச் சொற்கள். காலையிலிருந்து செல்போனில் உச்சரிப்பைக் கேட்டுக் கேட்டுச் சொல்லிப் பார்க்கிறான். வாணியம்பாடியில் தமிழ் மீடியத்தில் படித்தவன். அலுவலக ஆங்கிலம் வேறு, கதை ஆங்கிலம் வேறு.

சிந்து பத்தாம் வகுப்புக்குப் போகிறாள். ரிச்சர்ட்ஸ் டவுனில் அம்மாவோடு இருக்கிறாள். அப்பாவுக்கு ஞாயிறுதோறும் இரண்டு மணி நேரம். விவாகரத்தின்போது அப்படித்தான் முடிவானது.

முன்பெல்லாம் அந்த நேரத்தைச் செல்போன் தின்றுவிடும். சாப்பிட்டாயா என்பான். ம் என்பாள்.

ஏப்ரலில்தான் அது மாறியது. கோடை விடுமுறைக்கு ஒரு ஆங்கில நாவல் கொடுத்திருக்கிறார்கள் என்றாள். வீட்டுப் பெரியவர் ஒருவரோடு சேர்ந்து உரக்க வாசிக்க வேண்டுமாம். அம்மாவுக்கு நேரமில்லையாம்.

படிப்பு விஷயம் என்பதால் அவள் அம்மா உஷா மறுக்கவில்லை. இரண்டு மணி நேரம் நான்காயிற்று.

அவன் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். அவன் தடுமாறிய இடங்களிலெல்லாம் சோபாவில் புரண்டு சிரித்தாள்.

"பாவம்பா அந்தக் குதிரை. நீ படிக்கிறதக் கேட்டா கதைய விட்டே ஓடிடும்."

போன வாரமே புத்தகம் முடிந்திருக்க வேண்டும். தொண்டை கட்டிவிட்டது என்று அவன்தான் பாதியில் மூடினான்.

நாளை பள்ளி திறக்கிறது.

பின்னாலிருந்து யாரோ கூப்பிட்டார்கள். பியாட்ரிஸ். அவளுடைய மகள் சிந்துவின் வகுப்புதான். உங்கள் பெண் நாவலை முடித்துவிட்டாளா என்று கேட்டான். கேட்கும்போது கொஞ்சம் பெருமையாக இருந்தது.

"எந்த நாவல் சார்? இந்த வருஷம் லீவுக்கு ஒண்ணுமே குடுக்கலியே. அதான் எங்க வீட்டு மகாராணி ரெண்டு மாசமா மொபைலும் கையுமா கெடக்குறா."

அவன் தலையாட்டினான். மறதி என்று சொல்லிச் சிரித்தான்.

பப்ஸ் பொட்டலம் உள்ளங்கையைச் சுட்டது. கை மாற்றாமலே நடந்தான்.

மாடிப்படியில் சிந்து காத்திருந்தாள். செல்போனைக் காணோம். மடியில் நாவல், கடைசிப் பக்கங்களுக்கிடையில் விரல்.

அவன் பூட்டைத் திறந்தான். அவள் எழுந்து வரவில்லை. புத்தகத்தின் அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, மிஸ் இன்னொரு புக்கும் சொல்லிருக்காங்க. இதவிடப் பெருசு. ஸ்கூல் தொறந்தப்புறமும் படிக்கணுமாம். உனக்குப் பரவால்லியா?"